காலையில் மட்டும் ஆஃப்லைன் ஆகும் பிரிண்டர்: சின்ன ஆபீஸ் நெட்வொர்க்கில் எங்கே கை வைப்பது

கேள்வி சுருக்கமாக இது: ஒரு ஆடிட்டர் ஆபீஸ். 14 கம்ப்யூட்டர், ஒரு நெட்வொர்க் பிரிண்டர். கணக்கு டேட்டா முழுக்க ஒரு விண்டோஸ் 10 மெஷினில் ஷேர் ஃபோல்டராக இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்கிறது. ரூட்டரை அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகிறது, சில நாள் வேறு இரண்டு மெஷினுக்கு இன்டர்நெட் போய்விடுகிறது. புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 மெஷின்களில் ஷேர் ஃபோல்டர் திறப்பதே இல்லை. ஒரு பழைய மெஷினில் காலையில் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. எல்லாவற்றையும் ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறார் சர்வீஸ் ஆள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: ‘இரவு கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவோம்.’

ஃபார்மட் வேண்டாம். அந்தக் கடைசி வரியில்தான் பாதி விடை இருக்கிறது. மெயினை அணைப்பது தப்பு என்று சொல்லவில்லை. பழைய வயரிங் உள்ள கட்டடத்தில் அது நல்ல பழக்கம்தான். ஆனால் காலையில் மெயினைப் போட்டதும் ஃபைபர் பெட்டி (உங்கள் ரூட்டர் அதுதான்), பிரிண்டர், கேபிள்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. யார் முதலில் எழுந்தது என்பதை வைத்து அன்றைய நெட்வொர்க் அமைகிறது. அதனால்தான் ஒரு நாள் போல இன்னொரு நாள் இருப்பதில்லை.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கம்ப்யூட்டர், பிரிண்டர், போன் எதுவானாலும் நெட்வொர்க்கில் பேச ஓர் ஐபி அட்ரஸ் வேண்டும். அதை ரூட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்ற பகுதி கொடுக்கிறது. லாட்ஜில் ரூம் கொடுப்பதுபோலத்தான்: இன்னாருக்கு இந்த எண், இத்தனை மணி நேரத்துக்கு என்று குறித்துக்கொண்டு கொடுக்கும். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில் இந்தக் குறிப்பு தற்காலிக மெமரியில் மட்டும் இருக்கும். மின்சாரம் போனால் குறிப்பும் போயிற்று. நேற்று பிரிண்டரிடம் இருந்த 192.168.1.104 என்ற எண்ணை, இன்று முதலில் வைஃபையில் ஒட்டிக்கொண்ட யாரோ ஒருவரின் போனுக்கு அது கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டர்களோ இன்னும் 104-க்குத்தான் பிரிண்ட் அனுப்பிக்கொண்டிருக்கும்.

இன்னொரு கோளாறும் உண்டு, இதுதான் உங்கள் ஆபீஸில் அதிகம் நடப்பதாகத் தோன்றுகிறது. ஃபைபர் பெட்டி முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பிரிண்டர் அரை நிமிடத்தில் எழுந்து ‘எனக்கு ஓர் எண் கொடு’ என்று கூவும். கொடுக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கூவிவிட்டு, 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். விண்டோஸும் இதையேதான் செய்யும். ஆனால் அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்கும். பிரிண்டர்களில் எல்லாமும் அவ்வளவு விடாப்பிடியாகக் கேட்பதில்லை. அப்போது ரூட்டரை அணைத்துப் போட்டால் பயனில்லை, பிரிண்டரைத்தான் அணைத்துப் போட வேண்டும். நீங்கள் ரூட்டரை அணைப்பதால் நல்லபடியாக எண் வாங்கி வேலை செய்துகொண்டிருந்த மற்ற மெஷின்களும் சேர்ந்து குழம்புகின்றன.

யூகத்தில் எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. அடுத்த முறை ஆஃப்லைன் என்றதும் எதையும் அணைக்காமல் பிரிண்டரின் பேனலில் நெட்வொர்க் மெனுவுக்குப் போய் ஐபி எண்ணைப் பாருங்கள். பேனல் இல்லாத மாடலில் இன்ஃபர்மேஷன் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் கான்ஃபிகரேஷன் பக்கம் அச்சாகி வரும். 169.254 என்று இருந்தால் மேலே சொன்ன இரண்டாவது கோளாறு. 192.168 என்று தொடங்கி, கம்ப்யூட்டரில் பதிந்திருப்பதிலிருந்து வேறாக இருந்தால் எண் மாறிவிட்டது. இரண்டும் ஒன்றாகவே இருந்தும் பிரிண்ட் வரவில்லையா? அந்த எண்ணில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு, பிரிண்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒரு கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து அந்த எண்ணுக்கு பிங் (ping) கொடுங்கள், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பாருங்கள். பிடுங்கிய பிறகும் பதில் வந்தால் எண் இரண்டு பேரிடம் இருக்கிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: ‘ரிப்ளை ஃப்ரம் 192.168.1.35: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால் அது பதில் இல்லை. அந்த 35 நீங்கள் உட்கார்ந்திருக்கும் மெஷினின் சொந்த எண். ‘தேடினேன், யாரும் இல்லை’ என்று அது தன்னிடமே சொல்லிக்கொள்கிறது. ஆனால் கீழே வரும் கணக்கில் நான்கு அனுப்பி நான்கு வந்தது, இழப்பு 0 சதவீதம் என்றே போடும். கணக்கைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

பதிலே வரவில்லை என்றாலும் எண் காலி என்று அர்த்தம் இல்லை. விண்டோஸ் ஃபயர்வாலும் சில போன்களும் பிங்குக்குப் பதில் சொல்லாது. பிங் கொடுத்த கையோடு ‘ஏஆர்பி -ஏ’ (arp -a) கமாண்டைக் கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள். அந்த ஐபிக்கு நேராகப் பன்னிரண்டு எழுத்துள்ள மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) ஒன்று வந்து, அது பிரிண்டரின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் அச்சான மேக் அட்ரஸாக இல்லாவிட்டால், ஆள் மாட்டிக்கொண்டார். பழைய பதிவு பட்டியலில் சிறிது நேரம் தங்கும் என்பதால், பிடுங்கி ஓரிரு நிமிடம் கழித்துப் பார்ப்பது நல்லது.

இனி சரிசெய்வது. ரூட்டரில் மேக் அட்ரஸைக் கொடுத்து எண்ணை ரிசர்வ் செய்யச் சொல்வதுதான் வழக்கமான ஆலோசனை. இரவும் பகலும் மின்சாரம் இருக்கும் இடத்துக்கு அது சரி. உங்கள் ஆபீஸுக்கு அது பாதி மருந்துதான். ரிசர்வ் செய்திருந்தாலும் பிரிண்டர் கேட்கிற நேரத்தில் ரூட்டர் தூங்கிக்கொண்டிருந்தால் 169.254 தான் கிடைக்கும். எனவே பிரிண்டரிலும் ஷேர் மெஷினிலும் எண்ணைக் கையாலேயே நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். மற்ற 13 மெஷினும் ரூட்டரிடமே வாங்கிக்கொள்ளட்டும்.

முதலில் ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அது கொடுக்கும் எண்களின் எல்லையை 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று சுருக்குங்கள். 100-க்குக் கீழே உள்ளவை இனி உங்கள் கையில். ஷேர் மெஷினுக்கு 192.168.1.10, பிரிண்டருக்கு 192.168.1.20. இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே (வெளியே போகும் வாசல்) ரூட்டரின் எண், பெரும்பாலும் 192.168.1.1. பிரிண்டருக்குக் கேட்வே எதற்கு என்று காலியாக விட்டுவிடுகிறார்கள். அச்சு வரும், ஆனால் ஸ்கேன் செய்து மெயில் அனுப்புவது வேலை செய்யாது. வெப்சைட் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் எண்ணையும் விடாமல் கொடுங்கள்.

எல்லையைச் சுருக்காமல், ‘இப்போது யாரும் பயன்படுத்தவில்லையே’ என்று 192.168.1.104-ஐயே பிரிண்டருக்கு நிரந்தரமாகப் போட்டுவிட்டால் மோதல் போகாது. கையால் போட்ட எண் ரூட்டருக்குத் தெரியாது. அதுபாட்டுக்கு 104-ஐ இன்னொருவருக்குக் கொடுக்கும். பாதி ஆபீஸ்களில் ‘ஸ்டாட்டிக் போட்டும் சரியாகவில்லை’ என்று புலம்புவதற்கு இதுதான் காரணம்.

எண்ணைப் போட்டாயிற்று, இனி கம்ப்யூட்டர் பக்கம். விண்டோஸ் தானே கண்டுபிடித்துச் சேர்த்த பிரிண்டராக இருந்தால் அநேகமாக அது டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டில் இருக்கும். அது எண்ணை நம்பாமல், ‘இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா’ என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்டுக் கண்டுபிடிக்கும் முறை. வீட்டில் வசதி, ஆபீஸில் தொல்லை. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் தாவலுக்குப் போய், ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் என்று தேர்ந்தெடுத்து 192.168.1.20 கொடுங்கள். பிரிண்டரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டாம்; போர்ட்டை மட்டும் மாற்றினால் பேப்பர் அளவு, ட்ரே போன்ற செட்டிங் அப்படியே இருக்கும். அதே இடத்தில் கான்ஃபிகர் போர்ட்டைத் திறந்தால் அடியில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அந்த வழியாக பிரிண்டரிடம் நலம் விசாரிக்கிறது. சில பிரிண்டர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. பதில் வராததைக் கண்டு, நன்றாக இருக்கும் பிரிண்டரை விண்டோஸ் ஆஃப்லைன் என்று எழுதிவைக்கும். டிக்கை எடுத்தால் மை எவ்வளவு மிச்சம் என்ற தகவல் திரையில் வராமல் போகலாம், அவ்வளவுதான்.

ஒரு மெஷினில் பிரிண்டரைச் சேர்த்து, அதை மற்ற மெஷின்களுக்கு ஷேர் செய்திருந்தால் அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுங்கள். 2021-இல் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த வழியை இறுக்கியது. ஆகஸ்ட் 2021 முதல் ஷேர் பிரிண்டருக்கு டிரைவர் போட அட்மின் அனுமதி வேண்டும். செப்டம்பர் அப்டேட்டுக்குப் பின் 11பி என்று முடியும் எரர் பரவலாக வந்தது. அதற்கு விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மாற்றச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அவை அந்தப் பாதுகாப்பைக் கழற்றிவைக்கும் வேலை. நெட்வொர்க் பிரிண்டர் வைத்துக்கொண்டு இன்னொரு மெஷின் வழியாகப் போவானேன்? 14 மெஷினிலும் நேராக எண்ணைக் கொடுத்துச் சேர்த்துவிட்டால் முடிந்தது.

பிரிண்ட் வரிசையில் ஒரு ஃபைல் ‘டெலீட்டிங்’ என்றே மணிக்கணக்கில் நிற்பது தனிக் கதை. விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், அந்த வரிசையை நடத்தும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய் அங்கே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்காதீர்கள். ஸ்பூலரை மறுபடி ஓட்டுங்கள். ஸ்பூலரை நிறுத்தாமல் அழிக்க முயன்றால் ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும். திரும்பத் திரும்ப ஒரே ஆளின் மெஷினில் இது நடந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பிடிஎஃப்தான். அடோபி ரீடரின் பிரிண்ட் அமைப்பில், அட்வான்ஸ்டுக்குள், ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ என்பதை டிக் செய்து அனுப்பிப் பாருங்கள்.

இனி, சில நாள் இரண்டு மெஷினுக்கு மட்டும் இன்டர்நெட் போகிறது என்றீர்களே, அதற்கு முன்னே சொன்ன மோதலும் காரணமாகலாம். ஆனால் அந்த மெஷினில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ (ipconfig /all) கொடுத்து டிஹெச்சிபி சர்வர் என்ற வரியைப் பாருங்கள். நன்றாக இருக்கும் மெஷினில் 192.168.1.1 என்றும் இதில் 192.168.0.1 என்றும் வந்தால் ஆபீஸில் இன்னொரு ரூட்டர் இருக்கிறது. உள் அறையில் வைஃபை எட்டவில்லை என்று யாரோ வீட்டிலிருந்து ஒரு பழைய ரூட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருப்பார். கேபிளை அதன் லேன் துளையில் (கம்ப்யூட்டர்களை மாட்டும் துளை) செருகியிருந்தால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டுக்கொண்டு எண் கொடுக்கும்; எது முந்தியதோ அதன் எண் வாய்க்கும். அந்த ரூட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தனியாக ஒரு லேப்டாப்பில் இணைத்து, அதன் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, பிறகு லேன் துளையில் கேபிளைச் செருகுங்கள். வெறும் வைஃபை பெட்டியாக ஒழுங்காக வேலை செய்யும். வான் துளையில் (இன்டர்நெட் உள்ளே வரும் துளை) செருகினாலும் எண் மோதல் நிற்கும், ஆனால் அதன் வைஃபையில் இருப்பவர்கள் தனி நெட்வொர்க்காகிவிடுவார்கள். ஷேர் மெஷின் நெட்வொர்க் பட்டியலில் தெரியாது, பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்கவும் முடியாது.

மொத்த ஆபீஸுமே ஒரே நேரத்தில் செத்துப்போய், நெட்வொர்க் ஸ்விட்சின் விளக்கெல்லாம் ஒரே தாளத்தில் வெறிபிடித்து மின்னினால், ஒரே கேபிளின் இரு முனையும் ஸ்விட்சில் செருகப்பட்டிருக்கிறது. பெருக்க வந்தவர் தொங்குகிற முனையைப் பார்த்து நல்லெண்ணத்தில் செருகியிருப்பார். ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எந்தக் கேபிளில் அமைதியாகிறது என்று தெரிந்துவிடும்.

ஷேர் ஃபோல்டருக்கு வருவோம்.

அந்த விண்டோஸ் 10 மெஷினில் ‘பாஸ்வேர்டு ப்ரொடெக்டெட் ஷேரிங்’ அணைக்கப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. அதாவது யார் வந்தாலும் விருந்தாளியாக உள்ளே விடு என்ற ஏற்பாடு. பல வருடம் அது ஓடியது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் ப்ரோ எடிஷன் இரண்டு விஷயத்தில் மாறியது. விருந்தாளியாக நுழைவதை மறுக்கிறது. ஷேர் ஃபோல்டர்கள் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர்; அதில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எஸ்எம்பி சைனிங் என்ற கையெழுத்தைக் கட்டாயமாகக் கேட்கிறது. பாஸ்வேர்டிலிருந்துதான் அந்தக் கையெழுத்துக்கான சாவி உருவாகிறது. விருந்தாளிக்குப் பாஸ்வேர்டு இல்லை, எனவே சாவியும் இல்லை. திரையில் ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது’ என்ற பொருளில் செய்தி வரும். அப்படி யாரும் கொள்கை வகுக்கவில்லையே என்று தேட வேண்டாம். விண்டோஸ் தானே வகுத்துக்கொண்டதுதான்.

இதற்கும் ‘கெஸ்ட் லாகானை மறுபடி திறந்துவிடு’ என்று குறுக்குவழி சொல்வார்கள். வாடிக்கையாளர்களின் வருமான வரிக் கணக்கு இருக்கும் ஃபோல்டருக்கு அது வேண்டாம். சரியான வழிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஷேர் மெஷினில் ஒரு லோக்கல் யூசரை உருவாக்குங்கள், ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், ஒரு நல்ல பாஸ்வேர்டுடன். காலிப் பாஸ்வேர்டு உதவாது. காலிப் பாஸ்வேர்டு உள்ள கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் ஏற்காது. கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் வழியாக உருவாக்கினால் இரண்டு டிக் கவனம்: ‘அடுத்த முறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்’ என்பதை எடுத்துவிட வேண்டும், ‘பாஸ்வேர்டு காலாவதி ஆகாது’ என்பதைப் போட வேண்டும். இரண்டாவதை மறந்தால் விண்டோஸின் இயல்பான 42 நாள் கெடு முடிந்ததும் ஒரு காலையில் எல்லோருக்கும் ஷேர் ஒன்றாகப் போய்விடும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

பிறகு ஃபோல்டரின் ஷேரிங் தாவலிலும் செக்யூரிட்டி தாவலிலும் இந்த யூசரைச் சேருங்கள். இரண்டிலும் வேண்டும். ஒன்றில் எழுத அனுமதி, மற்றதில் படிக்க மட்டும் என்று இருந்தால் இறுக்கமானதுதான் செல்லும். ஃபைல் திறக்கும், சேமிக்க முடியாது. ஷேரிங்கில் இருக்கும் எவ்ரிஒன் என்பதை, எல்லா மெஷினும் புது யூசருக்கு மாறிய பிறகு எடுத்துவிடுங்கள்.

மற்ற மெஷின்களில், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் க்ரெடன்ஷியல் மேனேஜரைத் திறந்து ஷேர் மெஷினின் பெயரில் பழைய பதிவு இருந்தால் அழித்து, 192.168.1.10 என்ற பெயரில் புதிய யூசரையும் பாஸ்வேர்டையும் சேருங்கள். யூசர் பெயருக்கு முன்னால் ஷேர் மெஷினின் பெயரும் ஒரு பின்சாய்வுக் கோடும் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. ‘எதைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை’ என்று சொல்பவர்களில் பலர் அங்கே கொடுப்பது தங்கள் மெஷினைத் திறக்கும் நான்கு இலக்க பின் எண். அந்த பின் அந்த மெஷினோடு சரி, நெட்வொர்க்கில் அதற்கு மதிப்பில்லை. ஒரே சர்வரோடு இரண்டு பெயரில் இணைய முடியாது என்று எரர் வந்தால், பழைய இணைப்பு உயிரோடு இருக்கிறது. ‘நெட் யூஸ் * /டெலீட்’ (net use * /delete) கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

டிரைவ் லெட்டர் மேப் செய்யும்போது மெஷின் பெயருக்குப் பதில் \\192.168.1.10 என்று எண்ணையே கொடுங்கள். நெட்வொர்க் பட்டியலில் மெஷின் பெயர் தெரிவது, மறைவது எல்லாம் தனி விவகாரம். அந்தப் பழைய பட்டியல் முறை எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான், அந்த ஆண்டின் இறுதியிலிருந்து புது விண்டோஸ் 10 நிறுவல்களிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாக நீக்கியது. பெயர் தெரியவில்லை என்பதற்காக அதைத் திரும்ப நிறுவுபவரை மெஷின் பக்கம் விடாதீர்கள். பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேனை ஃபோல்டரில் போட எஸ்எம்பி 1 தான் வேண்டும் என்றால், ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றிக்கொள்வது மேல். கணக்கு மென்பொருளில் டேட்டாவின் பாதை மெஷின் பெயரோடு பதிந்திருந்தால் அதையும் மாற்ற மறக்க வேண்டாம். இந்த மாற்றங்களுக்கு முன் டேட்டாவை ஒரு வெளி டிஸ்கில் நகலெடுத்து, டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ரூட்டரையோ ஃபைபர் பெட்டியையோ மாற்றிய மறுநாள் ஷேர் திறக்காமல் போவதற்குப் பாஸ்வேர்டு காரணமல்ல. புது கேட்வேயைப் பார்த்ததும் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க் என்று எண்ணி பப்ளிக் பிரிவில் போட்டுவிடும். ஃபயர்வால் ஷேரை மூடிவிடும். ஷேர் மெஷினின் நெட்வொர்க் செட்டிங்கில் ப்ரைவேட் என்று மாற்றினால் திறக்கும். அந்த மெஷினின் பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை ‘நெவர்’ என்றும் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷேர் போய்விடுகிறது என்ற புகார் அதில் தீரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. டேட்டா இருக்கும் மெஷினைத்தான் முதலில் மாற்ற வேண்டும், ரிசப்ஷன் மெஷினை அல்ல. விண்டோஸின் டெஸ்க்டாப் பதிப்பில் ஒரே நேரத்தில் 20 இணைப்புதான் ஷேருக்கு அனுமதி. இப்போது 14, ஆள் கூடினால் ஃபைல்களைப் பகிர்வதற்கென்றே இருக்கும் நாஸ் பெட்டி ஒன்று வாங்கும் யோசனை வரலாம்.

பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும் பழைய மெஷினில் வலது மூலைத் தேதியைப் பாருங்கள். சில வருடம் பின்னால் இருக்கும். வெப்சைட்டின் சான்றிதழ் இந்தத் தேதிக்குப் பின்புதான் செல்லுபடி ஆகத் தொடங்குகிறது என்பதால் பிரவுசர் மறுக்கிறது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை மெஷின் அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து கசியும் சிறு மின்சாரம் கடிகாரத்தை ஓட்டும், பேட்டரி செத்தது தெரியாது. நீங்கள் மெயினையே அணைப்பதால் தெரிகிறது. மல்டிமீட்டரில் புதுப் பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள், சில பத்து ரூபாய்தான். மாற்றும் முன் மெஷின் தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய் பூட் முறை யுஇஎஃப்ஐயா லெகசியா, சாட்டா முறை ஏஹெச்சிஐயா ரெய்டா என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி எடுத்ததும் அவை பழைய நிலைக்குத் திரும்பி விண்டோஸ் எழாமல் போகலாம். டிஸ்க் என்க்ரிப்ஷன் இருந்தால் ரெகவரி கீயும் கையில் இருக்க வேண்டும். தேதியை முதலில் கையால் இன்றைக்கு வைத்துவிட்டுப் பிறகு இன்டர்நெட் நேரத்தோடு சிங்க் கொடுங்கள். 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விண்டோஸ் டைம் சர்வீஸ் தன் இயல்பான அமைப்பில் திருத்த மறுக்கும்.

‘அணைத்துப் போட்டேன், அப்படியே இருக்கிறது’ என்ற புகாரிலும் ஒன்று உண்டு. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் மெஷினில் ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் முழுதாக மூடப்படுவதில்லை, டிஸ்கில் உறைந்து மறுநாள் அப்படியே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். டிரைவர் குழப்பம் என்றால் ரீஸ்டார்ட்டையே சொல்லுங்கள்.

உங்கள் இன்டர்நெட் நிறுவனம் பெட்டியை மாற்றினால் எண் வரிசையும் மாறலாம். ஜியோ ஃபைபர் பெட்டி 192.168.29.1 என்று வரும். அன்று பிரிண்டரும் ஷேர் மெஷினும் பழைய 192.168.1 வரிசையில் அனாதையாக நிற்கும். புதுப் பெட்டியின் லேன் அமைப்பில் அதன் எண்ணை 192.168.1.1 என்று மாற்றிவிட்டால் வேறு எதையும் தொட வேண்டாம். மாற்ற விடாத பெட்டியாக இருந்தால் சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கி, பெட்டியிலிருந்து வரும் கேபிளை அதன் வான் துளையில் செருகி, ஆபீஸ் முழுவதையும் அதன் பின்னால் வையுங்கள். பிறகு நிறுவனத்தை மாற்றினாலும் உள்ளே எதுவும் அசையாது. அந்தப் பெட்டிக்கும் ரூட்டருக்கும் மெயினில் அடங்காத தனி லைன் இழுக்க முடிந்தால் காலை நேரக் குழப்பத்தில் பெரும்பகுதி அப்போதே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் பிரிண்டர் மட்டும் விட்டு விட்டு வந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். சுவர் வழியாக வரும் கேபிளை விட்டுவிட்டு, கம்பெனி முனையோடு வரும் 2 மீட்டர் பேட்ச் கார்டு ஒன்றை வைத்து, பிரிண்டரை ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே தூக்கிக்கொண்டுபோய் ஒரு வாரம் ஓட்டுங்கள். அங்கே ஆஃப்லைன் ஆகவில்லை என்றால் சுவருக்குள் இருக்கும் கேபிளின் முனைகளை வெட்டிப் புது பிளக் மாட்டி கிரிம்ப் (அழுத்திப் பொருத்த) செய்ய வேண்டும். இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கம்பியைச் சுரண்டிப் பார்க்கும்போது உள்ளே வெள்ளி நிறமாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கிரிம்ப் செய்து பயனில்லை, முழுச் செம்புக் கேபிளாக மாற்றிவிடுங்கள்.